முப்பது சதவீதம் நோயாளி

என் உடம்பில் முப்பது சதவீதம் கெட்டிருக்கிறது என்று மருத்துவக் குழு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. மீதி எழுபதும் நன்றாக இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம். அந்த எழுபது எந்த நேரத்தில், எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல அங்கே ஆளில்லை.

நான் கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரம் எருத்தேன்பதிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். ஐந்து முதல் ஏழு வரை கணக்குப் பாடம். வருஷத்துக்கு மூன்று முறை நூற்றுக்கணக்கான விடைத்தாள் திருத்துகிறவள். எண் போடுவதன் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. தாளைப் படிக்காமலே எண் போடுகிறவர்கள் மேல்தான் கோபம்.

நோய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதலில் இடது கண். ஒரு காலையில் கரும்பலகை மேல் யாரோ மோரை ஊற்றிவிட்டது போல் தெரிந்தது. கண்ணை அசைத்தால் உள்ளே வலித்தது. ஒரு மாதத்தில் தானாகச் சரியானது. பிறகு பாதங்கள். தரைக்கும் காலுக்கும் நடுவில் பஞ்சு வைத்துக் கட்டியது போல் இருக்கும். ஒரு செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்க, நான் ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறியிருக்கிறேன். பிறகு இடுப்பைச் சுற்றி ஓர் இறுக்கம். பிறகு அசதி. தூங்கினால் போகிற அசதி இல்லை அது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர் ஒரு பெயர் சொன்னார். தைராய்டு என்றார் ஒருவர். சத்துக் குறைவு என்றார் இன்னொருவர். மூன்றாமவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று என் கணவரிடம் விசாரித்தார். இப்படி மூன்று வருஷம் போனது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்புகள் மேல் ஒயருக்கு இருப்பது போல ஓர் உறை இருக்கிறதாம். என் உடம்பே அந்த உறையை அங்கங்கே உரித்துப் போடுகிறதாம். சூடு பட்டால் மோசமாகும், வெயிலில் அலையாதீர்கள் என்றார் அந்த டாக்டர். எங்கள் ஊரில் பிப்ரவரி பிறந்தால் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

இந்த நோயில் என்னை மிகவும் வதைத்தது மரப்போ வலியோ இல்லை. "நல்லாத்தானே இருக்கறீங்க" என்ற வார்த்தைதான். எனக்குக் கட்டு இல்லை, தடி இல்லை, முகத்தில் வாட்டம்கூட இல்லை. காலை எட்டரைக்குப் பார்க்கிறவர்களுக்கு நான் முழு ஆள். மத்தியானம் இரண்டு மணிக்கு என் கால்கள் வேறு யாருடையதோ போல ஆகிவிடுவதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் நான் அதை மறைத்து வைத்திருந்தேன்.

என் வகுப்பறை மாடியில். இருபத்திரண்டு படிகள். கழிவறை கீழே. காலையில் ஏறினால் மாலை மணி அடிக்கும்வரை இறங்கக் கூடாது என்பதற்காக, பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இரண்டு வருஷம் ஓட்டினேன். இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் அதுவும் நடக்கவில்லை. இறங்கும்போது கால் பூட்டிக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கிக்கொண்டே கீழே வந்தேன். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் நாலைந்து பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய், கீழே ஒரு வகுப்பறை கொடுங்கள் என்று கேட்டேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"டீச்சர், உங்களப் பாத்தா நோயாளியாட்டமே தெரியலீங்களே."

"தெரியாதுங்க சார். அதுதானுங்க இந்த நோயே."

"நான் நம்பறனுங்க. ஆனா நாளைக்கு இன்னொருத்தர் முட்டி வலின்னு வருவாங்க. அவுங்களுக்கு நான் என்ன சொல்றது? மெடிக்கல் போர்டுல ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க. நாப்பது சதவீதமாவது போட்டாத்தான் சலுகைங்க. அது இருந்தா எனக்கும் சுலபமுங்க."

ஒரு வகுப்பறை. மாடியிலிருந்து கீழே. அதற்காக நான் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டேன்.

மார்ச்சில் அழைப்பு வந்தது. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு என் கணவர் கூட வந்தார். குழு இருந்த அறையில் ஏ.சி. நன்றாக ஓடியது. அந்தக் குளிரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் என் நரம்புகளெல்லாம் சமாதானமாகி, பல மாதங்களில் இல்லாத அளவுக்கு உடம்பு லேசாக இருந்தது. எனக்கு அப்போதே பயம் வந்தது. தப்பான நேரத்தில் நன்றாக இருக்கிறேனே என்ற பயம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர்தான் பேசினார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டேன். சின்ன சுத்தியலால் முட்டியில் தட்டினார். கோடு போட்ட டைல்ஸ் தரையில் சுவர்வரை போய்த் திரும்பச் சொன்னார். போய்த் திரும்பினேன். கொஞ்சம் தள்ளாடினேன், அவ்வளவுதான். பிறகு என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"வீட்டிலெ பணியொக்கெ ஆரா செய்யுந்நெ?"

வீட்டு வேலையெல்லாம் யார் செய்கிறார்கள் என்பது கேள்வி. பாலக்காட்டுத் தமிழருக்கு இது புரியாத மலையாளம் இல்லை. என் கணவர் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"எல்லாம் அவதானுங்க சார் செய்யறா. ஒரு கொறையும் இல்லீங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அன்று காலை என் ரவிக்கையின் கொக்கிகளை மாட்டிவிட்டது அவர். கத்தி விரலில் ஏறியது தெரியாமல் நான் வெங்காயத்தோடு சேர்த்து அறுத்துக்கொண்ட நாளிலிருந்து காய் நறுக்குவது அவர். குளியலறையில் வழுக்கி விழாமலிருக்க வெளியே கதவருகே நிற்பது அவர்.

"ஸ்கூலிலும் போகுந்நுண்டல்லோ" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. பள்ளிக்கூடத்துக்கும் போகிறாளே. போகிறேன் என்பதே எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. முப்பது என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"எல்லாம் நானே செய்யறேன்னு."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "அத்தன பேரு நிக்கறாங்க. அவங்க முன்னால வச்சு, என்ற பொண்டாட்டி ஒண்ணுக்கும் ஆவமாட்டான்னு நானே சொல்றதா புள்ள? வாய் வருமா எனக்கு?"

"அதைச் சொல்றதுக்குத்தானுங்க வந்தோம்."

நான் விறுவிறுவென்று வெளியே போய், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நிழல் இல்லாத ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டேன். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அவர் ஓடிவந்தார்.

"வெயில்ல உக்காராத. எந்திரி."

"உக்காருவனுங்க. அரை மணி நேரம் உக்காந்துட்டு மறுபடியும் அந்த ரூமுக்குப் போறேன். அப்ப நடக்கச் சொல்லட்டும்."

துண்டை எடுத்து என் தலைக்கு மேல் பிடித்தார். நான் தட்டிவிட்டேன். அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கட்டையின் சூடு புடவையைத் தாண்டி ஏறியது. முதலில் பாதங்கள் போயின. பிறகு முட்டிக்குக் கீழே. இடது கண்ணில் பழைய மூடாப்பு வந்தது. இத்தனை நாள் பயந்து ஒளிந்த வெயிலிடம் அன்று நானே போய் உட்கார்ந்தேன். எனக்கு வேறு சாட்சி கிடைக்கவில்லை.

எழுந்தபோது நிற்க முடியவில்லை. கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அந்த அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஊழியர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். போர்டு முடிந்துவிட்டது, டாக்டர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், இனி அடுத்த மாதம்தான் என்றார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவ்வளவு முடியாத ஆளை இப்படி நடத்தியா கூட்டிவருவது என்று மலையாளத்தில் என் கணவரைத் திட்டினார். அன்று முழுவதும் அந்தக் கட்டடத்தில் என் நோயைச் சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. நாற்காலியில் உட்காரும்போது புடவை நனைந்திருந்தது எனக்குத் தெரிந்தது. கணவருக்கும் தெரிந்தது. துண்டை மடியில் போட்டுவிட்டார். இந்த முறை நான் தட்டிவிடவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. கொக்கி மாட்டிவிட வருவார், முதுகைத் திருப்பிக் காட்டுவேன். மாட்டிவிட்டுப் போவார். அந்தக் கோபத்தில் கண்ணில் பட்டதெல்லாம் குற்றமாகத் தெரிந்தது. கிணற்று மேட்டுத் தென்னைகள் மஞ்சளடித்து மட்டை தொங்கிக் கிடந்தன. தண்ணீர் பாய்ச்சக்கூட முடியாமல் அப்படி என்ன வேலை இந்த மனுஷனுக்கு என்று சுவரிடம் சொன்னேன், அவர் காதில் விழும்படி.

மார்ச் கடைசியில் வழக்கமான பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரைப் பார்த்து முடித்ததும் ஓர் இளம்பெண் வந்து, தன் ஆராய்ச்சிக்கு உதவ முடியுமா என்று கேட்டாள். இந்த நோய் நோயாளிகளின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கிறாளாம். அளப்பது என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதை வச்சு அளப்பீங்க? சுத்தியல் வச்சிருக்கீங்களா?"

அவள் முகம் மாறவில்லை. "இல்லக்கா, வெறும் கேள்விதான். மலையாளத்துல இருக்கு. நான் தமிழ்ல சொல்லிக் கேக்கேன்" என்றாள். அவள் தமிழ் எங்கள் தமிழாக இல்லை. எந்த ஊர் என்று கேட்டேன். மலையில், சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவளாம்.

போன இரண்டு வாரத்தை நினைத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள். துளியும் இல்லை என்பது ஒன்று, மிக அதிகம் என்பது ஐந்து. படி ஏறச் சிரமமா? கையால் பிடித்த பொருள் நழுவுகிறதா? வெளியே போகும் இடத்தில் கழிவறை எங்கே என்று தேடுகிறீர்களா?

"காலையில கேட்டா ரெண்டு, மத்தியானம் கேட்டா அஞ்சு. எதைப் போடட்டும்?" என்றேன்.

"ரெண்டு வாரத்தையும் சேத்துப் பாத்து…"

"சேத்துப் பாத்தா மூணு வரும். மூணுன்னு ஒரு நாள்கூட நான் இருந்ததில்ல. உங்க தாள்ல மட்டும்தான் அப்படி ஒருத்தி இருப்பா."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கம்மா கொழுந்து எடுத்தவங்கக்கா. தெனமும் சாக்கை நிறுத்து எண்ணு போடுவாங்க. முதுகு போனதை யாரும் நிறுக்கல. கடைசில ஆஸ்பத்திரில, வேலைக்குப் போனீங்கல்ல, அப்போ நல்லாத்தான இருந்தீங்கன்னு கேட்டாங்க. அதனாலதான் நான் இதைக் கேட்டு எழுதிக்கிட்டு அலையுதேன். தாள்ல குறை இருக்குக்கா. நீங்க சொல்றத ஓரத்துல எழுதிக்கிடுதேன். எங்க சார்ட்ட காட்டுதேன்."

அதற்கு மேல் நான் சண்டை பிடிக்கவில்லை. எரிச்சலும் கோபமும் வருகிறதா என்று ஒரு கேள்வி வந்தது. பேனாவை வாங்கி ஐந்தை நானே வட்டமிட்டேன். தாள் கிழிந்துவிட்டது. அந்தக் கோபம் நோயால் வந்ததா, முப்பது போட்டவர்களால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அதில் இடமில்லை.

பராமரிப்பவருக்கு என்று தனியாக ஒரு தாள் இருந்தது. அதை என் கணவரிடம் கொடுத்திருந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழே வரை எல்லாவற்றுக்கும் ஒன்று. துளியும் இல்லை, துளியும் இல்லை, துளியும் இல்லை. பதினோரு நாள் மௌனம் அங்கே உடைந்தது.

"மறுபடியும் பொய் எழுதறீங்களா?"

நான் கத்தியதில் மருந்துச் சீட்டோடு நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"அண்ணே, நீங்க எண்ணே போட வேணாம். நான் கேக்கேன், வாயால சொல்லுங்க. அக்காவுக்கு முடியாம ஆனதுக்கப்புறம், நீங்க எப்பவும் செய்யிற வேலை ஏதாவது விட்டுப்போச்சா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் அவளிடம் சொன்னார்.

"மோட்டாரு போடறதில்லீங்கம்மா."

"எந்த மோட்டாரு?"

"தோட்டத்து மோட்டாருங்க. அது ஓடுனா காதுல வேற சத்தமே விழாது. இவ ஊட்டுல விழுந்து கூப்புட்டா எனக்குக் கேக்காது. ஒருக்கா அப்படி ஆச்சு. பள்ளிக்கொடம் லீவு அன்னைக்கு. சமையக்கட்டுல விழுந்து ஒரு மணி நேரம் கூப்புட்டுட்டே கெடந்திருக்கறா. நான் தண்ணி பாச்சிட்டு இருந்தேன். அதுலிருந்து இவ ஊட்டுல இருக்கற நேரம் மோட்டாரு போடறதில்ல. இவ பள்ளிக்கொடம் போற பகல் நேரத்துல மோட்டாரு இழுக்கற அளவுக்குக் கரண்டு வராதுங்க. சும்மா வரப்புல உக்காந்து காதைத் தீட்டிட்டு இருப்பனுங்க."

நான் அன்று விழுந்தது எனக்கு நினைவிருந்தது. செல்போன் கூடத்தில் இருந்தது, எட்டவில்லை. அவர் வந்து தூக்கியபோது ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு மரங்கள் காய்ந்ததற்கும் நான் விழுந்ததற்கும் இடையில் ஒரு தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது கோபம். "இத்தன நாளா எங்கிட்ட ஏனுங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ பள்ளிக்கொடத்தையே விட்டுருவ. வேற என்ன இருக்குது உனக்கு?"

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாளா என்று தெரியவில்லை. அவள் குனிந்தே இருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் அவரிடம் சொன்னேன். மேல்முறையீடு செய்யப்போகிறேன், இந்த முறை நீங்கள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், வாய் வராவிட்டால் நீங்கள் வரவே வேண்டாம். அவர் வண்டியை ஓட்டியபடியே தலையாட்டினார்.

மே மாதம் வேறொரு குழு, வேறோர் ஆஸ்பத்திரி. மத்தியான நேரம் கேட்டு எழுதியிருந்தேன். கொடுத்தார்கள். இந்த முறை மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். நடக்கச் சொன்னார், நான் பாதி தூரத்தில் சுவரைப் பிடித்தேன். வழக்கம்போலக் கணவர் பக்கம் திரும்பினார். கணவர் சொன்னார். கொக்கியைச் சொன்னார். கத்தியைச் சொன்னார். குளியலறைக் கதவைச் சொன்னார். சிமெண்டுக் கட்டையில் நடந்ததையும், புடவை நனைந்ததையும் சொன்னார். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்குள் இருந்ததையெல்லாம் அந்நியர் மூன்று பேர் முன்னால் ஒவ்வொன்றாக அவிழ்த்து வைத்தால்தான் அவர்களுக்கு ஓர் எண் கிடைக்கும்.

நாற்பத்தைந்து போட்டார்கள். இரண்டு மாதத்தில் பதினைந்து கூடிவிட்டது. நோய் கூடவில்லை. புருஷன் பேசினார், அவ்வளவுதான். பேச ஒரு புருஷன் இல்லாதவர்களுக்கு என்ன போடுவார்கள் என்று அந்த டாக்டரிடமே கேட்டேன். அவர், நியாயமான கேள்விதான் என்று மலையாளத்தில் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஆளின் தாளை எடுத்தார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் சான்றிதழை ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தேன். அவர் படித்துப் பார்த்து, சந்தோஷம் டீச்சர், உங்களுக்குக் கீழே அறை ஒதுக்கிவிட்டேன் என்றார். போய்ப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு சமைக்கிற கூடத்தை ஒட்டிய அறை. நடுவில் ஒரே சுவர். பத்தரைக்கு அடுப்பு மூட்டினால் பதினோரு மணிக்கு அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.

நான் திரும்பிப் போய், "சார், ஒரு நிமிஷம் வாங்க" என்று அவரைக் கூட்டிவந்தேன். அறைக்குள் விட்டு, சுவரோரம் இருந்த என் நாற்காலியைக் காட்டினேன்.

"இதுல ஒரு பீரியடு உக்காருங்க சார். நான் வெளிய நிக்கறேன்."

"என்னங்க டீச்சர் இது."

"உக்காருங்க சார். உங்களுக்கு ஒரு நோயும் இல்லீங்களே."

அவர் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்து மறுக்கத் தோன்றவில்லை போல. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சட்டைக் காலரை விலக்கிவிட்டுக்கொண்டு எழுந்து, என்னைத் தாண்டிப் போனார். மறுநாள் மூன்றாம் வகுப்பை வேறு பக்கம் மாற்றிவிட்டு, வேப்ப மரத்துப் பக்கம் இருக்கிற அந்த அறையை எனக்குக் கொடுத்தார்.

இப்போது அங்கேதான் பாடம் நடத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறேன். போன வாரத்திலிருந்து வலது கையின் கடைசி இரண்டு விரல்களில் மரப்பு தொடங்கியிருக்கிறது. சாக்பீஸ் நழுவுகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.